கீமோதெரபிக்குப் பிறகு லேசான காய்ச்சல் கூட ஏன் ஆபத்து? உடம்புக்குள் நோய் எதிர்ப்பு செல்களுக்கு என்ன நடக்கிறது? முழு விளக்கம்

கீமோ முடிந்து பத்து நாள் ஆகிறது. வாந்தி நின்றுவிட்டது, சாப்பாடும் கொஞ்சம் இறங்குகிறது. "அம்மா தேறிட்டாங்க" என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடும் நேரத்தில், ராத்திரி பதினோரு மணிக்கு லேசாக உடம்பு சுடுகிறது. தெர்மாமீட்டரில் 100.6 டிகிரி. பாராசிட்டமால் ஒன்று போட்டதும் சூடு இறங்கிவிடுகிறது. "காலையில டாக்டரைப் பாத்துக்கலாம்" என்று எல்லோரும் படுத்துவிடுகிறார்கள்.

மற்றவர்களுக்கு இது சரியான முடிவுதான். ஆனால் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு, அந்த ஒரு ராத்திரி தாமதம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஏன் அப்படி? புற்றுநோயை அழிக்கப் போன மருந்து, நம் உடம்பைக் காக்கும் செல்களை என்ன செய்கிறது? எத்தனை நாளில் அவை திரும்பி வரும்? வீட்டில் இருப்பவர்கள் என்ன கவனிக்க வேண்டும்? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

சுருக்கமாக...

* கீமோ போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள்தான் பெரும்பாலும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைகின்றன.
* இந்த நேரத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் அது எமர்ஜென்சி. காலை வரை காத்திருக்கக் கூடாது.
* டாக்டரிடம் பேசாமல் பாராசிட்டமால் போடக் கூடாது. காய்ச்சலை அது மறைத்துவிடும்.
* ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. நியூட்ரோபில் எத்தனை என்பதுதான் முக்கியம்.

கீமோ மருந்து எந்த செல்லைத் தாக்குகிறது?

கீமோதெரபி என்பது ஒரே ஒரு மருந்து இல்லை. பல வகை மருந்துகளுக்கான பொதுப் பெயர். இவற்றில் பெரும்பாலானவை வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைக் குறிவைக்கின்றன. புற்றுநோய் செல்கள் அப்படித்தான் பெருகுகின்றன.

பிரச்னை என்னவென்றால், நம் உடம்பில் வேகமாகப் பெருகும் நல்ல செல்களும் இருக்கின்றன. முடியின் வேர், வாய் மற்றும் குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவை முக்கியமானவை. முடி கொட்டுவதும், வாய்ப்புண் வருவதும், ரத்த அணுக்கள் குறைவதும் ஒரே காரணத்தால்தான். முடி கொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது, மஜ்ஜைக்குள் நடப்பது தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் தொடர்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. சொல்லப்போனால் கீமோதெரபி பிறந்ததே அதிலிருந்துதான். முதல் உலகப் போரில் மஸ்டர்ட் வாயு தாக்கியவர்களின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்ததை மருத்துவர்கள் கவனித்தனர். வெள்ளையணுக்களை அழிக்கும் ஒரு பொருள், அதே அணுக்களில் உண்டாகும் புற்றுநோயையும் அழிக்குமா என்ற கேள்வி எழுந்தது. 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மேன், ஆல்ஃபிரட் கில்மேன் ஆகியோரின் குழு, மஸ்டர்ட் வாயுவின் உறவுக்கார வேதிப்பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை லிம்போமா நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தது. கட்டி சுருங்கியது. போர்க்கால ரகசியம் என்பதால் 1946-ல்தான் முடிவுகள் வெளியாகின. இன்றும் பரவலாகப் பயன்படும் சைக்ளோபாஸ்பமைடு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துதான்.

கீமோ போட்ட உடனே ஏன் குறைவதில்லை?

நம் வெள்ளையணுக்களில் பாதிக்கும் மேல் பொதுவாக நியூட்ரோபில் என்ற வகை. பாக்டீரியா உள்ளே நுழைந்தால் முதலில் ஓடிப்போய் அதை விழுங்கும் செல் இதுதான். ரத்தத்தில் இதன் ஆயுள் மிகக் குறைவு. பல மணி நேரத்திலேயே ரத்தத்தை விட்டு வெளியேறிவிடும். அதனால் எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களைப் புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு இட்லிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிரைண்டர் ரிப்பேர் ஆகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு இட்லி வந்துகொண்டுதான் இருக்கும். ஏனென்றால் நேற்று அரைத்த மாவு இருக்கிறது. அது தீர்ந்த பிறகுதான் கடையில் "இட்லி இல்லை" என்பார்கள்.

மஜ்ஜையிலும் இதுதான் நடக்கிறது. கீமோ மருந்து, பிரிந்துகொண்டிருக்கும் இளம் செல்களைத்தான் அடிக்கிறது. ஏற்கனவே முதிர்ந்து தயாராக இருக்கும் நியூட்ரோபில்கள் தப்பித்துவிடுகின்றன. அந்த இருப்பு சில நாட்கள் தாங்கும். அது தீரும்போது அடுத்த செட் வருவதில்லை. அதனால்தான் கீமோ போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகிறது.

நோயாளி "இப்பதான் கொஞ்சம் தெம்பா இருக்கு" என்று சொல்லத் தொடங்குவதும் இதே நாட்களில்தான். குமட்டல் போய்விடும், பசி திரும்பும். வீட்டில் கவனம் குறையும். ஆனால் பாதுகாப்பு மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான்.

மஜ்ஜையின் மூல செல்கள் பெரும்பாலும் பிரியாமல் ஓய்வில் இருப்பதால் அவை தப்பித்துவிடுகின்றன. அவைதான் திரும்பவும் உற்பத்தியைத் தொடங்குகின்றன. மூன்று, நான்கு வாரத்தில் நியூட்ரோபில் எண்ணிக்கை பழைய நிலைக்கு வருகிறது. பல கீமோ சிகிச்சைகள் 21 நாட்களுக்கு ஒரு முறை கொடுக்கப்படுவதற்கு இதுதான் முக்கியக் காரணம். எல்லா மருந்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வாரா வாரம் போடப்படுவதும் உண்டு. கார்முஸ்டின் போன்ற மருந்துகளில் நான்கு முதல் ஆறு வாரம் கழித்துதான் அணுக்கள் குறையும். உங்கள் மருந்துக்கு எந்த நாட்கள் ஆபத்தானவை என்று டாக்டரிடம் கேட்டு, காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிளட் ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

"கவுன்ட் எவ்வளவு?" கீமோ வார்டில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பலரும் மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு இது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். ஆனால் இது மட்டும் போதாது.

ரிப்போர்ட்டில் டிஃபரன்ஷியல் கவுன்ட் என்ற பகுதியைப் பாருங்கள். அதில் நியூட்ரோபில் எத்தனை சதவீதம் என்று இருக்கும். சில லேப்களில் பாலிமார்ஃப்ஸ் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். மொத்த எண்ணிக்கையை அந்த சதவீதத்தால் பெருக்கினால் வருவதுதான் ஏஎன்சி எனப்படும் நியூட்ரோபில் எண்ணிக்கை.

ஒரு உதாரணம். இரண்டு பேருக்கு ரிப்போர்ட் வருகிறது.

* முதல் நபர்: மொத்தம் 3,000. நியூட்ரோபில் 15 சதவீதம். அதாவது 450.
* இரண்டாவது நபர்: மொத்தம் 2,000. நியூட்ரோபில் 80 சதவீதம். அதாவது 1,600.

மேலோட்டமாகப் பார்த்தால் முதல் நபர் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் உண்மையில் ஆபத்தில் இருப்பது அவர்தான். 1,500-க்குக் கீழே போனால் நியூட்ரோபீனியா என்கிறார்கள். 500-க்குக் கீழே போனால் அது கடுமையான நிலை. எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது, எத்தனை நாள் குறைந்தே இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்துத்தான் தொற்று ஆபத்து கூடுகிறது.

காய்ச்சல் மட்டும்தானே, ஏன் இவ்வளவு பதற்றம்?

சாதாரணமாக உடம்பில் தொற்று வந்தால் பல அறிகுறிகள் தெரியும். புண் சிவக்கும், வீங்கும், சீழ் பிடிக்கும். நிமோனியா என்றால் சளி வரும். ஆனால் சீழ் என்பதே பெரும்பாலும் கிருமியோடு சண்டை போட்டுச் செத்த நியூட்ரோபில்கள்தான். நியூட்ரோபிலே இல்லாதபோது சீழ் எங்கிருந்து வரும்?

அதனால் ரத்தத்தில் கிருமி பரவிக்கொண்டிருந்தாலும் வெளியே எதுவும் தெரியாமல் இருக்கலாம். காய்ச்சல் மட்டுமே ஒரே எச்சரிக்கையாக இருக்கலாம். அதையும் பாராசிட்டமால் கொடுத்து இறக்கிவிட்டால், அந்த ஒரே எச்சரிக்கையும் போய்விடும்.

இதில் இன்னொரு விஷயம். "நாங்க வெளிய எங்கயும் போகல, யாரையும் வீட்டுக்குள்ள விடல, எப்படித் தொற்று வந்துச்சு?" என்று குடும்பத்தினர் கேட்பார்கள். பல தொற்றுகள் வெளியிலிருந்து வருவதில்லை. கீமோ மருந்து குடலின் உள்தோலையும் அரித்துவிடுவதால், நம் குடலிலேயே வழக்கமாக வாழும் ஈ-கோலை, க்ளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்த வழியாக ரத்தத்துக்குள் நுழைகின்றன. எனவே தொற்று வந்தால் யாரையும் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை.

எவ்வளவு ஆபத்து? நியூட்ரோபில் குறைந்து காய்ச்சலோடு அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 41,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2006-ல் வெளியான ஆய்வில், சுமார் 9.5 சதவீதம் பேர் உயிரிழந்தது தெரியவந்தது. அதாவது பத்தில் கிட்டத்தட்ட ஒருவர். அதனால்தான் இப்படிப்பட்ட நோயாளி மருத்துவமனைக்குள் வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். எந்தக் கிருமி என்று கல்ச்சர் ரிப்போர்ட் வரும்வரை காத்திருப்பதில்லை. ரத்தம் எடுத்ததும் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

* வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அக்குளில் வைத்துப் பார்த்தால் அளவு கொஞ்சம் குறைவாகவே காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.
* 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். பதில் கிடைக்காவிட்டால் நேராகக் கிளம்புங்கள். தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள்.
* காய்ச்சல் இல்லாமலேயே குளிர் நடுக்கம், மூச்சு வாங்குவது, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது, தலைசுற்றி விழுவது இருந்தாலும் அதே அவசரம்தான். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் காய்ச்சல் தெரியாமலே தொற்று இருக்கலாம்.
* மருத்துவமனையில் ஓபி டோக்கன் வாங்கி வரிசையில் உட்காராதீர்கள். எமர்ஜென்சிக்குப் போய், "கீமோ போயிட்டு இருக்கு, இன்னிக்கு பத்தாவது நாள், காய்ச்சல் இருக்கு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கீமோ ஃபைலும் கடைசி பிளட் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.
* ஆசனவாய் வழியாக மருந்து வைப்பது, எனிமா கொடுப்பது, அந்த வழியில் காய்ச்சல் பார்ப்பது கூடவே கூடாது. சிறு கீறல் கூட தொற்றுக்கு வழியாகிவிடும்.

எல்லோரையும் வாரக்கணக்கில் அட்மிட் செய்வார்கள் என்றும் பயப்பட வேண்டாம். பரிசோதித்து ஆபத்து குறைவு என்று தெரிந்தால், மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பி கண்காணிப்பதும் உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர்தான்.

'கவுன்ட் ஏத்துற ஊசி' என்ன செய்கிறது?

கீமோ முடிந்த பிறகு வயிற்றில் தோலுக்கு அடியில் ஒரு ஊசி போடுவார்கள். பேச்சுவழக்கில் "கவுன்ட் ஏத்துற ஊசி". நியூட்ரோபில் தயாரிக்கச் சொல்லி மஜ்ஜைக்கு உடம்பே அனுப்பும் ஒரு புரதத்தைத்தான் ஆய்வகத்தில் தயாரித்து ஊசியாகப் போடுகிறார்கள். ஃபில்கிராஸ்டிம் என்ற இந்த மருந்து 1991-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினமும் போட வேண்டியது அது. பெக்ஃபில்கிராஸ்டிம் என்றால் ஒரு கீமோவுக்கு ஒரு முறை போதும்.

பொதுவாக கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் இதைப் போடுவார்கள். இல்லாவிட்டால் ஊசியால் புதிதாகப் பெருகத் தொடங்கும் செல்களையும் கீமோ மருந்து அழித்துவிடும். இடுப்பு, முதுகு எலும்புகளில் வலி வரலாம். மஜ்ஜை வேகமாக வேலை செய்வதன் அடையாளம் அது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்த ஊசி முக்கியமாக நியூட்ரோபிலைத்தான் ஏற்றும். மற்ற நோய் எதிர்ப்பு செல்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஊசி போட்டாலும் காய்ச்சல் வந்தால் அவசரம் அவசரம்தான்.

கீமோ முடிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

நியூட்ரோபில் வாரங்களில் திரும்பிவிடும். ஆனால் லிம்போசைட் என்ற இன்னொரு வகை அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. இதில் பி செல்கள் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும். டி செல்கள் வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும், மற்ற செல்களுக்கு உத்தரவு கொடுக்கும். பழைய தொற்றுகளையும் போட்ட தடுப்பூசிகளையும் ஞாபகம் வைத்திருப்பதும் இந்தக் கூட்டம்தான்.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்த 88 பெண்களின் ரத்தத்தைத் தொடர்ந்து பரிசோதித்தனர். 2016-ல் வெளியான முடிவுகள் இவை. கீமோவுக்குப் பிறகு லிம்போசைட்டின் எல்லா முக்கிய வகைகளும் குறைந்தன. பி செல்களும், உதவி டி செல்களும் ஆறு மாதம் கழித்தும் பழைய அளவில் சுமார் 65 சதவீதத்துக்குத்தான் திரும்பின. ஒன்பதாவது மாதத்திலும் அதைத் தாண்டவில்லை. டெட்டனஸ், நிமோகாக்கஸ் கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளும் குறைந்திருந்தன. புகைபிடிப்பவர்களுக்கு மீட்சி இன்னும் மெதுவாக இருந்தது.

இதன் நடைமுறை அர்த்தம் என்ன? கடைசி கீமோ முடிந்து, முடி வளர்ந்து, வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் சில மாதங்கள் எச்சரிக்கை தேவை. அந்தக் காலத்தில் அக்கி வரலாம். பழைய ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் அது விழித்துக்கொள்ளலாம். ரிட்டுக்சிமாப் போன்ற, பி செல்களையே குறிவைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சிகிச்சை தொடங்கும் முன்பே ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுப்பது இதற்காகத்தான்.

தடுப்பூசி போடலாமா?

ஃப்ளூ தடுப்பூசி போன்ற, உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசிகளைப் போடலாம். முடிந்தால் கீமோ தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. கீமோ நடக்கும்போது போட்டால் பலன் குறைவாக இருக்கலாம், ஆனால் ஆபத்து இல்லை. அம்மை தடுப்பூசி போன்ற உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளைக் கீமோ காலத்தில் போடக் கூடாது. வீட்டில் கைக்குழந்தை இருந்து, அதற்கு போலியோ சொட்டு மருந்து கொடுக்க வேண்டிய நாள் வந்தால், முதலில் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நோயாளிக்கும் பாதுகாப்பு.

கவுன்ட் ஏற என்ன சாப்பிடலாம்?

மாதுளை, பீட்ரூட், பப்பாளி இலைச் சாறு என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிஸ்ட்டே சுற்றுகிறது. இவற்றில் எதுவும் கீமோவால் குறைந்த நியூட்ரோபிலை ஏற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாதுளை சாப்பிடுவதில் தவறில்லை. அதை நம்பி காய்ச்சலைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் தவறு. நிலவேம்புக் குடிநீர் உட்பட எந்தக் கஷாயம், லேகியம் எடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தின் அளவையே ரத்தத்தில் மாற்றிவிடும்.

பச்சைக் காய்கறி, பழம் எதையும் தொடவே கூடாது என்று முன்பு கண்டிப்பாகச் சொல்வார்கள். அப்படி ஒதுக்கியதால் தொற்று குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. நன்றாகக் கழுவியது, தோல் உரித்தது, புதிதாகச் சமைத்தது, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஆகியவைதான் முக்கியம். தெருவோரம் நறுக்கி வைத்த பழம், வெளியில் வைத்த சட்னி, அரைவேக்காட்டு முட்டை, இறைச்சி வேண்டாம். உங்கள் மருத்துவமனை தனியாக டயட் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். புரதம் போதுமான அளவு சாப்பிடுவது அவசியம். மஜ்ஜைக்கும் மூலப்பொருள் வேண்டும் அல்லவா?

எல்லாவற்றையும் விட எளிய பாதுகாப்பு, கை கழுவுவது. நோயாளி மட்டுமல்ல, அவரைத் தொடும் எல்லோரும். மென்மையான பிரஷ், உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு வாய்ப்புண்ணுக்கு உதவும்.

கீமோ எதிர்ப்பு சக்திக்கு எதிரி மட்டும்தானா?

இல்லை என்பதுதான் கடந்த இருபது ஆண்டுகளில் தெரியவந்த சுவாரஸ்யமான விஷயம். டாக்ஸோரூபிசின், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற சில மருந்துகளால் சாகும் புற்றுநோய் செல்கள், சும்மா சாவதில்லை. "இங்கே ஆபத்து" என்று சொல்லும் சில மூலக்கூறுகளை வெளியிட்டுவிட்டுச் சாகின்றன. அதைப் பார்த்து நோய் எதிர்ப்பு செல்கள் மிச்சமிருக்கும் கட்டியை அடையாளம் கண்டுகொள்கின்றன. கீமோவையும் இம்யூனோதெரபியையும் சேர்த்துக் கொடுத்தால் சில வகை நுரையீரல் புற்றுநோயில் நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்வது 2018-ல் வெளியான பெரிய ஆய்வில் உறுதியானது.

இன்னொரு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஐஐடி பாம்பேவும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி செல்களை எடுத்து, புற்றுநோயை வேட்டையாடும்படி மாற்றித் திருப்பிச் செலுத்தும் சிகிச்சை இது. இப்படிப்பட்ட சிகிச்சைகளில் புதிய செல்களை ஏற்றுவதற்கு முன், சில நாட்கள் கீமோ கொடுத்து பழைய லிம்போசைட்டுகளை வேண்டுமென்றே குறைக்கிறார்கள். புதியவர்களுக்கு இடம் காலி செய்து கொடுப்பது போல. மற்ற நேரத்தில் பக்கவிளைவாக இருப்பது இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

பயந்து கீமோவை நிறுத்திவிடலாமா?

கூடாது. நியூட்ரோபில் குறைவது எதிர்பார்க்கப்படும் விஷயம். அதைச் சமாளிக்க வழிகளும் இருக்கின்றன. கவுன்ட் ஏறவில்லை என்றால் டாக்டர் ஒரு வாரம் தள்ளிப்போடலாம், மருந்தின் அளவைக் குறைக்கலாம், ஊசி சேர்க்கலாம். நீங்களாக நிறுத்தினால் புற்றுநோய்க்கு அவகாசம் கிடைத்துவிடும்.

65 வயதைத் தாண்டியவர்கள், சிறுநீரக அல்லது கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், ஏற்கனவே கீமோ அல்லது கதிர்வீச்சு எடுத்தவர்கள், உடல் மெலிந்தவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் அதிகம். எல்லோருக்குமே முதல் கீமோவுக்குப் பிந்தைய வாரங்கள் கூடுதல் கவனம் தேவைப்படும் காலம்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால், தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனையின் 24 மணி நேர நம்பரைக் கேட்டு வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அதன் கீழே பெரிதாக "100.4 - உடனே கிளம்பணும்" என்று எழுதுங்கள்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. மருந்து, ஊசி, தடுப்பூசி, உணவு குறித்த முடிவுகளை உங்களுக்கு சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்டே எடுக்கவும்.)